மணலில் நான் வரைந்த கிணறு

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சிறு தெருவில், தண்ணீர் ஏன் உப்பானது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாரி மழை பொய்த்தது என்பார் ஒருவர். கடற்கரை ஹோட்டல்கள் உறிஞ்சிவிட்டன என்பார் இன்னொருவர். உள்நாட்டுச் சண்டை முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு மின்சாரமும் மோட்டாரும் வந்தன; முன்பு வருடத்தில் ஒரு போகம் போட்ட மண்ணில் இப்போது மூச்சுவிட நேரமில்லாமல் வெங்காயமும், கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்லும் மிளகாயும் போடுகிறார்கள். எல்லாம் உண்மைதான். கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து பள்ளிவாசல் மண்டபத்தில் கூட்டம் வைத்தபோது இவற்றை எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். பூகோளம் படிப்பித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் எனக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். என்னிடமும் கேட்டார்கள். "அளவுக்கு மிஞ்சி ஆழத்திலிருந்து இறைத்ததுதான் காரணம்" என்றேன். ஆழத்துக்குப் போகச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொன்னவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. என் வேலிக்கு அப்பால் இருந்த ஒரு மனிதனின் கிணறு கெட வேண்டும், அவனது தோட்டம் என் கண் முன்னால் கருக வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினோம். தென்னந்தோப்பு ஒன்றுக்குள் கிடுகுக் குடில்கள் போட்டு இருந்தோம். முகாமுக்கென்று வெட்டிய கிணற்றில் விடியும் முன்பே சேறுதான் மிஞ்சும். பக்கத்தில் ஒரு தோட்டக் கிணறு இருந்தது. ஒரு நாள் என் மனைவி குடத்தோடு அங்கே போனாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் நானும் பின்னாலேயே போனேன். தோட்டக்காரன் என்னைவிட இளையவன், நல்ல உடற்கட்டு. அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டிருந்தாள். அவன் வந்து அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி, வாளியை இழுத்து, நிறைந்து வந்த தண்ணீரை அவள் காலடி மணலில் கவிழ்த்தான்.

"அகதிக்கு ஊத்துற தண்ணிய கொச்சிக்காய்க்கு ஊத்தினா காயாவது காய்க்கும்" என்றான்.

அவனோடு நின்ற கூலிக்காரர்கள் சிரித்தார்கள். நான் வேலியருகே நின்றேன். பட்டதாரி, ஊரில் பத்துப் பேர் எழுந்து நின்று ஸலாம் சொல்லும் ஆள். ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி வெறுங்குடத்தோடு என்னைத் தாண்டிப் போனாள். என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு இங்கேயே ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். சண்டை முடிந்தது. எங்களோடு வந்தவர்களில் பலர் மன்னாருக்குத் திரும்பி, காடு மூடிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கினார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம் பேரப்பிள்ளைகளின் படிப்பைச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அந்தத் தோட்டக்காரனின் காணியை ஒட்டி ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்திருந்தது. ஓய்வுக் காசைப் போட்டு அதை வாங்கினேன்.

என்ன செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவன் வேலிக்கு அருகே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழிவாங்க நினைக்கிறவனுக்கு அருகில் இருப்பதே பாதி வேலை.

நாங்கள் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் ஒரு பை வெங்காயத்தோடு வந்தார். இப்போது தாடி நரைத்திருந்தது. நடையில் ஒரு சாய்வு. இனி அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன்; அன்றும் மனதுக்குள் 'அவன்' என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

"சேர், நம்ம ஒழுங்கைக்கு ஒரு படிச்ச மனிசன் வந்தது பெரிய காரியம்" என்றார். "நீங்க எந்த முகாம்ல ஈந்தீங்க?"

தோப்பின் பெயரைச் சொன்னேன்.

"அல்லாவே, அது நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துலதானே! அந்த நாள்ல பட்ட பாடு..." என்று தலையை ஆட்டினார். கண்களில் எந்தக் கலக்கமும் இல்லை. மறந்தே போயிருந்தார். மறக்காமல் இருந்து வெட்கப்பட்டிருந்தால் நான் விட்டிருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெங்காயப் பையை வாங்கி மனைவியிடம் கொடுத்தேன். அவள் அவரை அடையாளம் கண்டாள். வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள்.

இனி இந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்பிட்டி ஒரு நீண்ட மணல் நாக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்த மணலுக்கு அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். மழை பெய்யும்போது இறங்கும் நல்ல தண்ணீர், பாரம் குறைவு என்பதால், அந்த உப்பின் மேல் ஒரு தட்டுப் போல மிதந்து நிற்கும். நமக்குக் கிடைத்திருப்பது அந்தத் தட்டு மட்டும்தான். மேலிருந்து ஒரு முழம் நல்ல தண்ணீரை எடுத்தால் அடியிலிருந்து உப்பு பல முழம் ஏறி வரும். வருடா வருடம் கரும்பலகையில் இதை வரைந்து காட்டியிருக்கிறேன்: மேலே நீலச் சோக்கில் தட்டு, கீழே சிவப்புச் சோக்கில் உப்பு.

பழைய தோட்டக்காரர்களுக்குப் படம் தேவைப்படவில்லை. அவர்களின் கிணறுகள் அகலமானவை, ஆழமில்லாதவை. சீமெந்து வளையங்களை, கொட்டு என்று சொல்வோம், இரண்டு மூன்றுக்கு மேல் இறக்க மாட்டார்கள். காலையில் பூவாளியால் பாத்திகளுக்கு ஊற்றுவார்கள். அடிக்கொட்டின் விளிம்பு தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். "கிணறு ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு மாலை அஸர் தொழுகை வரை அதன் பக்கம் போக மாட்டார்கள். மழை குறைந்த வருடம் ஒரு போகத்தைத் தரிசாக விட்டுவிடுவார்கள். மோட்டார் வந்த பிறகு விளிம்பைக் குனிந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது. ஆனாலும் தோட்டக்காரர் பார்ப்பார். அந்த ஒழுங்கையில் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான்.

வடகீழ்ப் பருவமழை ஏமாற்றிய ஒரு வருடம் அவர் என்னிடம் வந்தார். வெங்காயம் மண்ணுக்குள் திரளும் நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் எல்லாம் பூண்டு அளவிலேயே நின்றுவிடும். அவரது கிணறு காலையில் சிறிது நேரம் இறைத்ததும் வற்றிக்கொண்டிருந்தது.

"சேர், ஒரு புத்தி கேக்க வந்தன்" என்று கதிரை நுனியில் உட்கார்ந்தார். "வாப்பா உசிரோட ஈந்தா, இந்த வெங்காயத்த விட்டுடு, அடுத்த மாரி வரைக்கும் கிணத்தைத் தொடாத எண்டு செல்லுவார். மகன் செல்றான், இன்னும் ரெண்டு கொட்டு எறக்கினா தண்ணி பீறிட்டு வரும் எண்டு. நீங்க படிச்சவங்க. செல்லுங்க, எது சரி?"

சரியான பதில் அவர் வாயிலேயே இருந்தது. "வாப்பா சொன்னதைச் செய்யுங்க" என்று நான் சொன்னால் போதும். அவருக்கு ஒரு போகம் நட்டம், கிணறு பிழைத்திருக்கும்.

அவரை முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு ஈர்க்கை எடுத்து, மணலில் குந்தியிருந்து, ஒரு கிணறு வரைந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைந்த அதே படம். இம்முறை மேலும் கீழும் மாற்றி வரைந்தேன்.

"இங்க பாருங்க. மேல இருக்கிறது கடல் காத்துல ஊறின தண்ணி. அது குறைஞ்சுதான் போகும். நல்ல தண்ணி அடியில இருக்கு. மகன் சொல்றதுதான் சரி. ரெண்டு காணாது, மூண்டு கொட்டு இறக்குங்க. மோட்டாரையும் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப வாப்பா செல்லி வந்ததெல்லாம் பொய்யா சேர்?"

"அந்தக் காலத்து ஆக்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவர் போன பிறகு அந்தப் படத்தைக் காலால் அழித்தேன். அன்று மதியம் வயிறாறச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

கொட்டு இறக்கியதை வேலிக்கு இப்பால் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மகன் உள்ளே இறங்கி மணலை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தான். கொட்டுகள் தம் பாரத்தில் ஒவ்வொன்றாகக் கீழே அமர்ந்தன. தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் அவன் "வாப்பா, வந்துட்டு!" என்று கத்தினான். தோட்டக்காரர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு வேலியோரம் ஓடி வந்தார்.

"சேர், சீனி! சீனிபோல ஈக்கி!"

முதலில் அப்படித்தான் இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும். தட்டில் மிச்சமிருந்த நல்ல தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் அந்தக் குழிக்கு ஓடி வரும். அடியில் உப்பு மெதுவாகத்தான் தலை தூக்கும். அவர் வீட்டிலிருந்து ஒரு தட்டு வட்டிலப்பம் வந்தது. சாப்பிட்டேன். நல்ல ருசி.

நான் எண்ணிப் பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் போகம் அவரது வெங்காயம் ஒழுங்கையிலேயே பெரியதாக விளைந்தது. லொறி வந்து அவர் வாசலில் நின்று ஏற்றியது. மற்றவர்கள் பார்த்தார்கள். "சேர் படம் கீறிக் காட்டினாராம்" என்று கதை பரவியது. ஒருவர் மூன்று கொட்டு இறக்க, அடுத்தவர் நான்கு இறக்கினார். அதற்கடுத்தவர் குழாய்க் கிணறு அடித்தார். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர்களிடமும் நான் மறுத்துச் சொல்லவில்லை. ஒருவனுக்கு வேறு பதில் சொன்னால் அது அவர் காதுக்குப் போய்விடும். என் பழி முடியும் வரை ஊர் பொய்யிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அடுத்த வருடம் அவரது கொச்சிக்காய் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. நெருப்பில் வாட்டியது போல முதலில் நுனி, பிறகு விளிம்பு. ஒவ்வொரு காலையும் வேலியோரம் போய் அதைப் பார்த்தேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு ஆவலைத் தந்தது வேறொன்றும் இல்லை. அவர் வீட்டுச் சவர்க்காரம் நுரைக்கவில்லை. அவரது மனைவி என் மனைவியை அக்கா முறையில் அழைத்து, "தாத்தா, தேத்தண்ணி ஒரு மாதிரியா கரிக்குது, பால்மா திரியிது" என்று சொன்னதைக் கேட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

அவர் மறுபடியும் வந்தார்.

"சேர், உப்பு தட்டுது."

"இன்னும் நல்ல ஊற்றுக்குப் போகல்ல. இன்னொரு கொட்டு."

அதையும் இறக்கினார். அத்தோடு அந்தக் கிணறு முடிந்தது.

அவரது காணி முகப்பில், ஒழுங்கை ஓரமாக, அந்தக் கிணற்றுத் தண்ணீர் வரும் ஒரு பைப் இருந்தது. மோட்டார் வந்த கையோடு, நாங்கள் குடிவருவதற்கும் முன்பே அவர் போட்டது. ஒழுங்கைக் கடைசியில் மன்னாருக்குத் திரும்பிப் போக வழியில்லாத சில குடும்பங்கள் இருந்தன. எங்களோடு அதே தோப்பில் இருந்தவர்கள். அவர்கள் குடிக்கத் தண்ணீர் பிடித்தது அந்தப் பைப்பில்தான். அது எனக்குத் தெரியும். நான் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போனேன். ஆனாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். அகதியின் வாளியைக் கவிழ்த்தவன் எப்படி அகதிக்குப் பைப் போட்டான் என்று யோசிக்கத் தொடங்கினால் என் கோபம் கலைந்துவிடும் என்று பயந்தேன்.

ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது அந்தப் பைப்பருகே ஒரு பெண் நின்றாள். முகாமில் எங்கள் பக்கத்துக் குடிலில் பிறந்தவள், இப்போது அவளுக்கே பிள்ளைகள். தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் கானைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாயில வைக்க ஏலாது சேர். சின்னவனுக்கு வயித்தால போகுது. யாரு இந்தத் தண்ணிய நாசமாக்கினானோ, அவன் செத்தா அவன்ட மையத்தைக் கழுவவும் ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடைக்கக்கூடாது!"

"அப்பிடிச் சொல்லாதம்மா" என்றேன்.

"ஏன் சொல்லக்கூடாது? உங்களச் சொன்னா மாதிரி பதறுறீங்க" என்று சிரித்தாள். "உங்கட கிணறு இன்னும் நல்லந்தானே. வந்து ஒரு கான் எடுக்கட்டா?"

என் கிணறு பழைய மாதிரி இரண்டே கொட்டு, வாளியால் மட்டும் அள்ளுவோம்; அதிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு தினமும் வந்தாள். அவள் வாளியை விடும் ஒவ்வொரு முறையும் நான் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

அந்த வாரமே பள்ளிவாசல் படியில் அஸருக்குப் பிறகு ஆட்களை நிறுத்தி, சரியான படத்தை வாயால் சொன்னேன். கொட்டுகளை மூடுங்கள், பெரிய மோட்டாரைக் கழற்றுங்கள், ஒரு போகத்தை விடுங்கள் என்று கெஞ்சினேன்.

"போன வருஷம் கீழ சீனி எண்டீங்க, இப்ப கீழ உப்பு எண்டுறீங்க" என்றான் ஒருவன்.

"சேர்ட கிணறு மட்டுந்தான் நல்லா ஈக்கி. நாம இறைச்சா அதுவும் போயிரும் எண்டு பயம்" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ, "சேருக்கு வயசு போயிட்டு மச்சான், விடுங்க" என்றார். பொய்யைச் சொன்ன அன்று ஒருவரும் என் வயதைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே வழிதான் மிஞ்சியிருந்தது. நான் ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். ஊர் முன்னால் சொல்லத் துணிவு வரவில்லை. தோட்டக்காரரிடம் போனேன். காய்ந்த கொச்சிக்காய்ச் செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: வாளி, கவிழ்த்த தண்ணீர், அவர் சொன்ன வார்த்தை, மாற்றி வரைந்த படம், கடைசிக் கொட்டு.

அவர் கையிலிருந்த செடியின் வேரில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஞாபகமில்ல" என்றார். "ஆனா செஞ்சிருப்பன். அந்த நாள்ல நான் அப்பிடித்தான்." பிறகு, "மாப்புக் கேக்க வந்தீங்களா?"

"ஓம். அதோட, மோட்டாரை நிப்பாட்டச் சொல்லியும். நீங்க சொன்னா ஊர் கேக்கும். எல்லாரும் நிப்பாட்டினா, சில மாரி போனா, தண்ணி திரும்பும்."

"உங்கட கிணத்துக்கும் என்ட கிணத்துக்கும் அடியில ஒரே தண்ணியா சேர்?"

"ஒரே தண்ணிதான்."

"இந்தத் தடவ உண்மையத்தானே செல்றீங்க?"

"அல்லா மேல ஆணை."

தலையை ஆட்டினார். கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டார். குழாயை வெறும் மணலில் விட்டார். ஒரு செடியும் இல்லாத பாத்திகளில் தண்ணீர் ஓடிற்று.

மறுநாளும் ஓடிற்று. அதற்கு மறுநாளும். என் கிணற்றில் அடிக்கொட்டின் விளிம்பு வெளியே தெரிந்தது. பிறகு அதன் கீழும் தெரிந்தது. ஒரு காலை என் மனைவி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். குடித்துப் பார்த்தேன். கரித்தது.

"அந்த மனிசன்ட போய் நிப்பாட்டச் சொல்லுங்களேன்" என்றாள்.

அப்போதுதான் அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "எனக்காகவா செஞ்சீங்க?" என்றாள்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வேலியருகே வாயடைத்து நின்ற என் வெட்கத்துக்காகத்தான் செய்தேன் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. "நான் அத எப்பயோ விட்டுட்டன்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றப் போனாள்.

அவரிடம் மறுபடியும் போனேன். கதிரை போட்டு, குழாயிலிருந்து தண்ணீர் மணலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தி ஓரங்களில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது.

"என்ட கிணறும் போயிட்டுது. உங்களுக்கு மனசு ஆறியிருக்கும். நிப்பாட்டுங்க நாநா" என்றேன். என்னைவிட இளையவரை அண்ணனாக்கி நாநா என்று அழைத்தேன். "கடைசி வீட்டுப் புள்ளைகளுக்கு இனி எங்கயும் நல்ல தண்ணி இல்ல."

"நீங்க கொட்டு எறக்கச் சொன்ன நேரம் அந்தப் புள்ளைகளப் பாத்தீங்களா?"

நான் குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்தேன்.

"எத்தன வருஷம் வச்சிருந்தீங்க சேர், அந்தக் கோவத்த?"

"இருபதுக்கு மேல."

"எனக்குக் கோவம் தொடங்கி ஒரு கிழம, ஏழு நாள்கூட ஆகல்ல" என்றார். எழுந்து போய் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு கதிரையைத் தூக்கி வந்து தன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். "இரிங்க."

நான் உட்கார்ந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.